மழை நாளில் கூலி உண்டா? நெகிரி தோட்டங்களும் பருவமழையும்

வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அது செய்தியாகிறது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்திற்கு இழப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரவெல்லாம் மழை பெய்து பால்மரத்துப் பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. இப்படிப் பத்து நாள் போனால், வெள்ளம் வாசலைத் தொடாமலே அந்த மாதச் சம்பளம் கரைந்துவிடும். தொடர்மழை நெகிரி செம்பிலான் தோட்டங்களை எப்படிப் பாதிக்கிறது, அப்போது தொழிலாளிக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

மழை குறைந்த மாநிலத்தில் வெள்ளம்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கிறது. அதன் முதல் அடி கிளந்தான், திரங்கானு, பகாங் போன்ற கிழக்குக்கரை மாநிலங்களுக்கு. நெகிரி மேற்குக்கரையில் இருப்பதால் பொதுவாக மழை குறைவு. ஜெலுபு வட்டாரம் நாட்டிலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. அதனால் 'நம் பக்கம் வெள்ளம் வராது' என்ற எண்ணம் பலருக்கு உண்டு.

ஆறுகள் அப்படி நினைப்பதில்லை. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அதற்கு மிக அருகிலேயே ஓடும் செர்த்திங் ஆறு பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள நிலம் அவ்வளவு தாழ்வு. அந்தக் காலத்து வணிகர்கள் ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குப் படகைத் தரையில் இழுத்தே கொண்டுபோனார்கள். 'பெனாரிக்கான்' என்ற பெயர் அதனால் வந்தது. மழை விடாமல் பெய்தால் இந்தத் தாழ்நிலத்தில் தண்ணீர் எளிதில் வடிவதில்லை.

2021 டிசம்பர் மத்தியில் பெய்த பெருமழையில் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் நெகிரியும் ஒன்று. 2022 ஜனவரித் தொடக்கத்தில் ஜெம்போல், தம்பின் மாவட்டங்களில் குடும்பங்கள் துயர் துடைப்பு மையங்களுக்கு மாற்றப்பட்டன. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் விவசாயத்தின் பங்கு சுமார் 9 கோடி வெள்ளி. மழை நாளில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி இழந்த கூலி இத்தகைய சேதக் கணக்கில் வருவதில்லை.

பால்மரத்துக்கு மழை ஏன் ஆகாது?

விடியற்காலையில்தான் மரத்துக்குள் பால் நல்ல அழுத்தத்தில் இருக்கும். அதனால்தான் பொழுது புலரும் முன்பே வெட்டுக்குப் போகிறோம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரத்தின் மேல் வழிந்தோடும். வெட்டிய பின் மழை வந்தால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வெளியே போய்விடும். பட்டை காயட்டும் என்று பத்து மணி வரை காத்திருந்தால் வெயில் ஏறிவிடும், பால் குறையும். ஈரப் பட்டையைத் தொடர்ந்து வெட்டினால் பூஞ்சணம் பிடித்து வெட்டுப்பகுதியே அழுகும். அது பல ஆண்டு வருமானத்தைக் கெடுக்கும்.

வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் மழைத்தடுப்பு ஒட்டுவது இதற்கு ஒரு வழி. கேரளத்து ரப்பர் தோட்டங்களில் இது பரவலான பழக்கம். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் செலவும் ஆளும் வேண்டும்.

மழை ஓய்ந்ததும் நிம்மதி கிடைப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும், பால் மறுபடியும் குறையும். தீபாவளிச் செலவு முடிந்து பொங்கலும் தைப்பூசமும் வரும் நேரம் இது. 2026 முதல் பள்ளித் தவணையும் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. வருமானம் குறையும் மாதங்களும் செலவு கூடும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன.

செம்பனையின் கதை வேறு

செம்பனைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆனால் அளவு மிஞ்சினால் இங்கும் சிக்கல்தான். குலைகளை ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு சுற்று வெட்ட வேண்டும். தோட்டச் சாலை சேறாகி லோரி உள்ளே வரமுடியாமல் போனால் பழம் அளவுக்கு மீறிப் பழுத்து உதிரும், எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். தாழ்வான இடங்களில் உதிரிப்பழம் தண்ணீரோடு போகும். போட்ட உரமும் கரைந்து ஓடும்.

இன்னொரு பாதிப்பு தாமதமாகத் தெரியும். செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். கனமழையில் இந்த வண்டு சரியாகப் பறப்பதில்லை. அதனால் ஐந்தாறு மாதம் கழித்து வரும் குலைகளில் காய் சரியாகப் பிடித்திருக்காது. டிசம்பர் மழையின் விளைவு சில வேளை ஜூன் மாத எடையில் தெரிவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

*24 நாள் வேலை:* 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தோட்டத் தொழிலாளர்களுக்காகவே உள்ளது. வேலை செய்த நாள் கணக்கில் சம்பளம் பெறுபவருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் நிர்வாகம் வேலை தர வேண்டும். தொழிலாளி வேலை செய்யத் தயாராக இருந்தும் வேலை தர இயலாவிட்டால், அந்த நாளுக்கும் வேலை செய்ததாகக் கருதிக் கூலி கொடுக்க வேண்டும். 'தயாராக இருந்தார்' என்பதுதான் இங்கே முக்கியம். மழை என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பது நல்லது.

*குறைந்தபட்சச் சம்பளம்:* கிலோ கணக்கிலோ டன் கணக்கிலோ சம்பளம் பெறுபவருக்கும் இது பொருந்தும். 2025 பிப்ரவரி முதல் மாதத்திற்கு 1,700 வெள்ளி. ஐவருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அமலானது. எடுத்துக்காட்டாக, ஒழுங்காக வேலைக்கு வந்தவர் பால் எடைப்படி 1,150 வெள்ளிதான் ஈட்டினார் என்றால் மீதி 550 வெள்ளியை நிர்வாகம் சேர்த்துத் தர வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இதே விதிதான்.

*விபத்து:* ஈரச் சாலையில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தால் அதற்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு.

*சிறுதோட்டக்காரர்:* சொந்தமாகப் பால்மரம் வைத்திருப்போருக்கு ரிஸ்டா வழியாக மழைக்கால உதவித்தொகை வழங்கப்படுகிறது. தொகையும் விதிகளும் மாறக்கூடியவை. நவம்பருக்கு முன்பே ரிஸ்டா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

வெள்ளம் வந்துவிட்டால்

உறவினர் வீட்டுக்குப் போனாலும் துயர் துடைப்பு மையத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ குடும்பத் தலைவரின் பெயரைப் பதிந்துவிடுங்கள். 2021 வெள்ளத்தின்போது குடும்பத்திற்கு 1,000 வெள்ளி 'வாங் இக்சான்' உதவி வழங்கப்பட்டது. பதிவு இல்லாதவர்கள் பிறகு அலைய நேரிடும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

வீட்டைக் கழுவும்போது பூட்ஸ், கையுறை அணியுங்கள். வெள்ளநீரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பரவும். காயமுள்ள கால் வழியாக அது எளிதில் உடலுக்குள் போகும். தண்ணீர் வடிந்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், 'வெள்ளத்தில் நின்றேன்' என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். எந்தெந்த நாள் மழையால் வேலை இல்லை, அன்று பெரட்டுக்குப் போனீர்களா என்பதை வீட்டு நாள்காட்டியிலேயே குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு உதைத்தால் முதலில் நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.