பஜிரோவும் படுவான்கரையும்

தான்தோன்றீஸ்வரர் கோயில் தேரோட்டத்துக்குப் போனால், வீதியோரம் நிக்கிற சொகுசு ஜீப்புகள் கண்ணில படாமல் போகாது. வெளிநாட்டுக் காசில வாங்கினது, லீசிங்கில எடுத்தது, வாடகைக்கு வந்தது எண்டு பல ரகம். எங்கட வயசுப் பொடியன்கள் பக்கத்தில நிண்டு படம் எடுக்கிறாங்கள். எடுக்கட்டும். ஆனால் கொக்கட்டிச்சோலையில ஒரு வாகனத்தை 'நம்பலாம்' எண்டு சனம் சொல்ல, அந்த வாகனம் என்னவெல்லாம் தாங்க வேண்டியிருந்தது எண்டதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

முதல்ல வழியைப் பற்றிச் சொல்லணும். ஜப்பான் உதவியோடு கட்டின மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. அதுக்கு முன்னம் எழுவான்கரையில இருந்து நேரே வர 'பாதை'தான். வேற ஊர்க்காரருக்காகச் சொல்றம்: பாதை எண்டால் எங்கட பக்கம் வீதி இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. இல்லையெண்டால் வலையிறவாலயோ பட்டிருப்பாலயோ சுத்தி வரணும். மாரியில வயலும் றோட்டும் ஒண்டாகிப்போகும். உப்புக்காத்து வருசம் முழுக்க இரும்பைத் தின்னும்.

இப்படியான இடத்துக்குப் பெரிய ஜீப் வந்தால், அது பெரும்பாலும் ஊராளின்ர சொந்த வாகனமாக இருக்காது. கொக்கட்டிச்சோலை 2007 மார்ச் வரைக்கும் புலிகளின் கட்டுப்பாட்டில இருந்தது. அந்தக் காலத்தில பஜிரோ எண்டால் இயக்கம். கொழும்பில அதே பஜிரோ எண்டால் மந்திரி. 2002 யுத்தநிறுத்தத்தோடு கண்காணிப்புக் குழுவின் வாகனங்கள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு மாவட்டம் முழுக்க நிறுவனங்களின் வெள்ளை லாண்ட் குறூஸர்கள். ஜீப் வந்தால் ஒரு கூட்டம் நடக்கும், ஒரு படிவம் நிரப்பப்படும், ஜீப் திரும்பிப் போகும்.

அந்த வெள்ளை ஜீப்புகள் நிண்டு பிடிச்சதுக்குக் காரணம் சொகுசு இல்லை. ஐ.நா.வும் உதவி நிறுவனங்களும் உலகமெல்லாம் விரும்பி எடுத்த லாண்ட் குறூஸர் 70 வரிசை 1984 இல் வந்தது. கனமான அடிச்சட்டம். அதில பூட்டின 1எச்இஸட் எண்ட 4.2 லீற்றர் டீசல் இயந்திரத்தில டர்போ கிடையாது, கணினியும் கிடையாது. சாவியும் கண்ணும் காதும் உள்ள மெக்கானிக் ஒருத்தர் அதைக் கழட்டிப் பூட்டலாம். இதுக்கு மூத்தது லாண்ட் றோவர். 1948 இல் பிரித்தானியாவில இரும்புத் தட்டுப்பாடு இருந்ததால அதுக்கு அலுமினிய உடம்பு வச்சாங்கள். துருவுக்கு அது ஈடுகொடுத்தது ஒரு அதிர்ஷ்டம்தான். 1970 இல் வந்த முதல் றேஞ்ச் றோவரின் உள்பக்கத்தைக்கூடத் தண்ணி அடிச்சுக் கழுவலாம். தோல் ஆசனமும் குளிரூட்டியும் வந்து அது 'அந்தஸ்து' ஆனது பிறகுதான்.

ஆனால் படுவான்கரையில உண்மையில நம்பின வாகனம் உழவு இயந்திரம், சனத்தின் வாயில 'மெசின்'. மெஸி பெர்குசன் 135 ஐ எடுங்க: 1964 இல் வந்தது, மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல். உழும், சூடடிக்கும், நெல் ஏத்தும், பெட்டியைப் பூட்டினால் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும். இராணுவமும் இங்க மெசினில போயிருக்கு. 1991 ஜூன் 12 இல் இரண்டு சிப்பாய்கள் இறந்த வெடிப்பு ஓர் உழவு இயந்திரத்திலதான் நடந்தது. அதுக்குப் பழியாக மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் சனத்தைக் கொன்றார்கள். அரசின் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட தொகையே 67 பேர். 2007 இல் ஊர் இடம்பெயர்ந்தபோதும், 2011 ஜனவரி வெள்ளத்திலும் ஆளை ஏத்தினது மெசின் பெட்டிதான். எங்கட வீடுகளில ஒரு மெசினின் வயசைச் சம்பவங்களால எண்ணுவாங்க: இது வெள்ளத்துக்கு முந்தினது, அது இடப்பெயர்வுக்கு முந்தினது எண்டு.

சொகுசு ஜீப்புக்கு வந்த சோதனை வேற மாதிரி. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. இடைப்பட்ட காலத்தில பழைய வாகனத்தின் விலை ஏறினது எல்லாருக்கும் தெரியும். அதால 'ஜீப் ஒரு முதலீடு' எண்ட கதையும் பரவிச்சு. விலை ஏறினது வாகனம் நல்லதாக இருந்ததால இல்லை, வேற வாகனம் வராததால. 2022 யூலையில கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடுற ஜீப் அதில 160 கிலோமீற்றர் போகும். மட்டக்களப்பில இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல. கோடிக்கணக்கில விலைபோன வாகனம் பாதி வழிக்குத்தான் காணும்.

இப்ப வாற சொகுசு ஜீப்புகளில காத்தில நிக்கிற சஸ்பென்ஷன், டசின் கணக்கில சென்சர், கந்தகம் குறைஞ்ச டீசல் கேக்கிற புகைவடிகட்டி. ஒண்டு பிழைச்சால் ஸ்கேனர் வேணும், சாமான் கொழும்பில இருந்து வரணும், சில நேரம் கடல் கடந்து வரணும். நல்ல வீதியில, நிறுவனக் கராஜுக்குக் கிட்ட, அது பத்து வருசம் ஓடலாம். இங்க வாங்க நினைக்கிற அண்ணாமாருக்கு நாங்க சொல்றது ஒண்டுதான்: விலை கேக்க முதல், உங்கட ஊர் கராஜ் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் அந்த பொனெற்றைத் திறந்து காட்டுங்க. அவர் எதைத் தொடுறார், எதைத் தொடாமல் கையைப் பின்னால கட்டிக்கொள்றார் எண்டு பாருங்க.