போலந்தில் அமேசான் கிடங்குகள்

அமெரிக்க இணைய வணிக நிறுவனமான அமேசான், 2014-ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் பெரும் சரக்குக் கிடங்குகளைத் திறந்தது. இவற்றால் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. ஆயினும், இக்கிடங்குகள் முதன்மையாக அண்டை நாடான ஜெர்மனியின் வாடிக்கையாளர்களுக்குப் பொருள் அனுப்பவே அமைக்கப்பட்டன. போலந்து மக்களுக்கான தனி விற்பனைத் தளம் 2021 மார்ச்சில்தான் தொடங்கப்பட்டது.

பின்னணி

அமேசான் 1998-இல் ஜெர்மனியில் விற்பனையைத் தொடங்கி, 1999-இல் பாத் ஹெர்ஸ்ஃபெல்ட் நகரில் கிடங்கு அமைத்தது. 2013 மே மாதம் அங்கும் லைப்சிக் நகரிலும் வெர்டி தொழிற்சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்தனர். வணிகத் துறைக்கான ஊதிய ஒப்பந்தம் தங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கிடங்குப் பணி சரக்குக் கையாளும் துறையைச் சேர்ந்தது என்று கூறி நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது.

அதே ஆண்டு அக்டோபரில், போலந்தில் மூன்று கிடங்குகள் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இரண்டு விரோத்சுவாஃப் நகருக்கு அருகிலும், ஒன்று போஸ்னான் நகருக்கு அருகிலும் அமைந்தன.

இடத் தேர்வுக்கான காரணங்கள்

போலந்து 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்ததால் சுங்கத் தடை இல்லை. 2007 முதல் ஜெர்மன் எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையும் நீங்கியது. போஸ்னானிலிருந்து ஏ2 நெடுஞ்சாலையும், விரோத்சுவாஃபிலிருந்து ஏ4 நெடுஞ்சாலையும் நேரே ஜெர்மன் எல்லைக்குச் செல்கின்றன. கிடங்குத் தொழிலாளர்களின் மணிநேர ஊதியம் ஜெர்மனியில் வழங்கப்பட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது. 2013-இல் போலந்தில் பதிவுபெற்ற வேலையின்மை 13 சதவீத அளவில் இருந்ததால், ஆள் கிடைப்பதும் எளிதாயிற்று.

2015 நிகழ்வு

2015 ஜூனில் ஜெர்மன் கிடங்குகளில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது போஸ்னான் கிடங்கில் 10 மணிநேர வேலைமுறை 11 மணிநேரமாக நீட்டிக்கப்பட்டது. போலந்துச் சட்டப்படி, தொழிலாளர்களில் பாதிப் பேராவது வாக்களித்து, அவர்களில் பெரும்பான்மையினர் ஆதரித்தால்தான் வேலைநிறுத்தம் செல்லும். எனவே இரவுப் பணியில் இருந்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யாமல், வேண்டுமென்றே வேலையின் வேகத்தைக் குறைத்தனர். அதன்பின் சிலர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஜெர்மனியில் நிற்கும் வேலை தங்கள் தலையில் ஏற்றப்படுகிறது என்பதைப் போலந்துத் தொழிலாளர்கள் உணர்ந்த நிகழ்வு இது. ஒரே வாடிக்கையாளருக்காக உழைத்த இரு நாட்டுத் தொழிலாளர்களும் எல்லை கடந்து சந்தித்துப் பேசும் வழக்கமும் அக்காலத்தில் உருவானது.