நூறு தடா கடன்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினால் 12 கிலோமீட்டர் சொச்சம்தான். தூரத்திலேயே கோபுரம் தெரியும். தமிழக அரசு முத்திரையில் இருப்பதாகப் பலரும் சொல்கிறார்களே, அதே கோபுரம்! இறங்கியதும் என்ன செய்வீர்கள்? கோயிலுக்குப் போவீர்கள். அதற்கு முன்போ பின்போ பால்கோவா வாங்குவீர்கள். வாங்காமல் திரும்பினால் வீட்டுக்குள் விடுவார்களா என்ன?

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. பசும்பால், சர்க்கரை... இரண்டே அயிட்டம்தான். ஆனால் பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆவியாகும்வரை அடுப்பு முன்னால் நின்று கிண்டவேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். விசேஷ நாட்களில் நம் பாட்டிமார் கிண்டிய திரட்டுப்பாலுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

கடைப் பால்கோவா நேற்றைய சமாசாரம். இந்த ஊருக்கு நாக்கு ருசி தெரிந்து ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சாட்சி, பெரியாழ்வார்.

அவர் காலம் 9-ம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. ஆயர்பாடிப் பெண்கள் யசோதையிடம் வந்து கண்ணன் மீது புகார் சொல்வதாக அவர் பாடுகிறார். ஒருத்தி லட்டு, சீடை, கறுப்பு எள்ளுருண்டை எல்லாம் செய்து பாத்திரத்தில் வைத்துவிட்டு, 'நம்ம வீடுதானே' என்று வெளியே போயிருக்கிறாள். வந்து பார்த்தால் பாத்திரம் காலி! இன்னொருத்தி திருவோண நோன்புக்காரி. செந்நெல் அரிசி, சிறுபருப்பு, வெல்லம், நெய், பால் என்று மளிகை லிஸ்ட்டே போடுகிறாள். அத்தனையையும் விழுங்கிவிட்டு, 'இன்னும் கொண்டா' என்று நிற்கிறானாம் பிள்ளை.

கோயில் நைவேத்தியத்துக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு நெய் என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள் ராஜாக்கள். சாதாரண வீட்டு அடுப்படியில் என்ன வெந்தது, யார் ஆசையாகச் செய்தார்கள் என்பதை எந்தக் கல்வெட்டு சொல்கிறது? ஆழ்வார் பாட்டு சொல்கிறது.

மகள் ஆண்டாள், அப்பாவையும் மிஞ்சியவள். திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் நெய் கிடையாது, பால் கிடையாது என்று விரதம் ஆரம்பம். 27-ம் பாட்டில் பாற்சோறு. அதை மூடும் அளவுக்கு நெய், முழங்கை வழியே ஒழுகுகிறது! அதுவும் தனியாக அல்ல, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து. அந்த 27-ம் நாள்தான் கூடாரவல்லி.

இதோடு விட்டாளா? நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு 100 தடா வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். தடா என்றால் பெரிய பானை. அக்காரவடிசிலைச் சர்க்கரைப் பொங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசி பாலிலேயே குழைய வெந்து, இனிப்பும் நெய்யும் சேரவேண்டும். 'அவர் வந்து சாப்பிட்டால் ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுப்பேன், மேற்கொண்டு சேவகமும் செய்வேன்' என்கிறாள் அடுத்த பாட்டில். 'இன்னும் ஒரு கரண்டி போடு' என்று யாராவது கேட்டால் போதும், சமைத்தவளுக்குத் தலைகால் புரியாதே... அந்த மனசுதான் இது!

பி.காம். படித்த புத்தி இங்கே முதலைத் தேடுகிறது. நந்தவனம் வைத்து மாலை கட்டும் வீட்டுப் பெண்ணிடம் 200 பானைக்கு ஏது சரக்கு? அவளிடம் இருந்தது வாக்கு மட்டும். ஏட்டில் அது நிலுவையாக நின்றுவிட்டது.

அந்தக் கடனைத் தீர்த்தவர் ராமானுஜர். 1017-ல் பிறந்தவர். அதாவது, இரண்டு நூற்றாண்டு போல ஆனபிறகு! அழகர்கோயிலுக்குப் போய் வெண்ணெயும் அக்காரவடிசிலும் நூறு நூறாகப் படைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாராம். சந்நிதிக்குள்ளிருந்து ஆண்டாள் 'அண்ணா' என்று அழைத்தாளாம். அதனால்தான் அவருக்குக் 'கோயில் அண்ணன்' என்று பெயர் என்கிறது வைணவ மரபு.

கதையோ, வரலாறோ... எனக்குப் பிடித்தது ஒன்று. 'ஏதோ பாட்டில் சொன்னாள், விடு' என்று ராமானுஜர் நினைக்கவில்லை. நிறையச் செய்து வயிறாரப் போடவேண்டும் என்ற ஒரு பெண்ணின் ஆசையை, பட்டுவாடா செய்யவேண்டிய கடனாகவே எடுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுக் கணக்கிலும் இப்படி ஒரு நிலுவை இருக்கும். 'ஒருநாள் எல்லாரையும் உட்கார வெச்சு திரட்டுப்பால் கிண்டிப் போடணும்' என்று அம்மாவோ, அத்தையோ சொல்லியிருப்பார்கள். நாம்தான் 'அதெல்லாம் எதுக்கு, கடையிலேயே கிடைக்குதே' என்று வாயை அடைத்திருப்போம்.

பால்கோவா தாராளமாக வாங்குங்கள். கூடவே ரெண்டு லிட்டர் பாலும் வாங்கிக் கொடுங்கள். முக்கியமாக, கரண்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் நீங்களும் கிண்டுங்கள்!