சோற்றிலுள்ள நஞ்சும் எக்ஸ்-கதிர் நிறமாலையியலும்

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றை அவற்றை ஆக்கியோரின் வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. அவை யாருடைய வாழ்வு பற்றிய வினாக்களுக்கு விடையளித்தன என்பதும் அவ்வரலாற்றின் பாற்பட்டதே.

1913இல் ஆங்கிலப் பௌதிகவியலாளர் மோஸ்லி, மூலகங்கள் வெளிவிடும் சிறப்பியல்பு எக்ஸ்-கதிர்களின் அதிர்வெண் அணுவெண்ணுக்கேற்ப ஒழுங்காக உயர்வதை நிறுவினார். 1915இல், தமது 27ஆம் வயதில், அவர் கலிப்போலிப் போர்க்களத்தில் மடிந்தார். ஒரு பொருளிலுள்ள மூலகத்தை அதன் எக்ஸ்-கதிர் கொண்டு இனங்காணும் வழி இவ்வாறு உறுதிபெற்றது.

இம்முறையின் சமூகப் பயனை வங்காளதேசத்தின் அனுபவம் தெளிவாக்குகின்றது. மேற்பரப்பு நீரினால் பரவிய நோய்களைத் தடுக்கும் நோக்குடன் 1970களில் அங்கு குழாய்க்கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. அந்நீரில் ஆசனிக்கு உண்டா என அன்று சோதிக்கப்படவில்லை. 1993இலேயே அந்நச்சு அங்கு கண்டறியப்பட்டது. குடிநீரோடு தீமை நின்றுவிடவில்லை. அதே நிலத்தடி நீர் வரட்சிக்காலப் போரோ நெல்லுக்கும் பாய்ச்சப்பட்டது. நீர் தேங்கிய வயலில் ஒட்சிசன் குன்ற, ஆசனிக்கு கரைந்து, நெற்பயிர் சிலிக்காவை உள்ளெடுக்கும் வழியாகவே வேரினுட் புகுகின்றது.

ஆசனிக்கின் மொத்த அளவை மட்டும் அறிந்தாற் போதாது. அசேதன வடிவமே கூடிய நஞ்சுடையது. துணிக்கை ஆர்முடுகிகளில் உருவாக்கப்படும் செறிவுமிக்க எக்ஸ்-கதிர்களால் 2008இல் மெஹார்க்கும் அவரது குழுவினரும் அரிசிமணிகளை ஆராய்ந்தனர். தீட்டாத அரிசியில் ஆசனிக்கு தவிட்டுப் படையிற் செறிந்திருந்தது; தீட்டிய அரிசியிலோ மணியெங்கும் பரந்திருந்தது. ஆசனிக்கு எவ்வடிவிலுள்ளது என்பதற்கேற்ப அது கதிரை உறிஞ்சும் சக்தி சிறிது வேறுபடுவதால், அதன் வடிவங்களையும் பிரித்தறிய முடிந்தது. சத்துமிக்கதெனப் போற்றப்படும் தவிடே நஞ்சின் இருப்பிடமாகவும் அமையலாம் என்பது இதனாற் புலனாயிற்று.

கோடெக்ஸ் உணவு நியம ஆணைக்குழு அசேதன ஆசனிக்குக்கு 2014இல் தீட்டிய அரிசியில் கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராமையும், 2016இல் தீட்டாத அரிசியில் 0.35 மில்லிகிராமையும் உச்ச எல்லைகளாக விதித்தது. ஆயின் இவ்வெல்லைகள் சந்தைக்கு வரும் அரிசியையே பெரும்பாலும் கட்டுப்படுத்துவன. தன் வயலில் விளைந்ததைத் தானே உண்ணும் உழவரின் உலைப்பானையை அவை எட்டுவதில்லை. வயலை இடையிடையே உலரவிடுதல், தூய நீரை மிகுதியாக இட்டுச் சோறாக்கி வடித்தல் என்பன நஞ்சைக் குறைக்கும் எளிய வழிகள். ஆய்வுகூடத்தின் அறிவு இவ்வாறு வயலுக்கும் அடுக்களைக்கும் சென்று சேரும்போதே ஆராய்ச்சி தன் கடமையை நிறைவுசெய்கின்றது.