நியமகிரி: பன்னிரண்டு ஊர்களின் தீர்ப்பு

ஒடிசாவின் நியமகிரி மலையுச்சியில் கோயிலும் இல்லை, கோபுரமும் இல்லை. அங்கே குடியிருக்கும் தெய்வம் நியமராஜா. உச்சிக் காட்டில் கோடரி வைக்கக் கூடாது என்பது டோங்ரியா கோந்த் மக்களின் கட்டுப்பாடு. அந்தக் காட்டுக்கு அடியில்தான் அலுமினியத் தாதுவான பாக்சைட். மழைநீரை உறிஞ்சி வைத்து, ஓடைகளாகக் கசியவிடுவதும் அதே படிவம்தான்.

ஒடிசா சுரங்கக் கழகமும் வேதாந்தா நிறுவனமும் அதைத் தோண்ட அனுமதி கேட்டன. அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தாவின் அலுமினா ஆலை முதலிலேயே எழும்பிவிட்டது. உலையை ஏற்றிவிட்டு அரிசிக்கு அலைந்த கதை!

2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் பிரச்சினையைக் கிராமசபைகளிடம் விட்டது. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில், மாவட்ட நீதிபதிகள் பார்வையாளர்களாக இருக்க, 12 ஊர்கள் கூடின. கையெழுத்துத் தெரியாதவர்கள் தீர்மானத்தில் கைநாட்டு வைத்தார்கள்.

பன்னிரண்டிலும் ஒரே பதில்: கூடாது. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது.