மடிந்த வரியும் முடிந்த வரியும்

மின்னஞ்சலில் வந்த கடிதத்தைத் திறந்தால் ஒரு வரி நீளமாகவும், அடுத்த வரியில் இரண்டே சொல்லும், மறுபடி நீளமும், மறுபடி இரண்டு சொல்லுமாகப் பல் உடைந்த சீப்பு போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியவர் அப்படித் தட்டச்சு செய்திருக்க மாட்டார். இதற்குப் பின்னால் ஏறத்தாழ நூறு வருடக் கதை இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் இருந்தது ரெமிங்டன் தட்டச்சுப் பொறி. வலது ஓரம் நெருங்கினால் மணி அடிக்கும். கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும், தாள் ஒரு வரி மேலே ஏறும். தந்தி அச்சுப்பொறிகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. கணினி அவற்றை 13, 10 என்ற எண்களாக எடுத்துக்கொண்டது. இன்றும் மின்னஞ்சலில் ஒவ்வொரு வரியும் இந்த இரண்டு குறிகளோடுதான் முடிகிறது.

அகலமும் பழைய சொத்துதான். 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். பின்னால் வந்த கணினித் திரைகளும் பெரும்பாலும் 80 எழுத்து அகலமே. அதை ஒட்டியே மின்னஞ்சல் விதிகள் அமைந்தன. 2001-ல் வந்த விதிப்படி ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது. 998-ஐத் தாண்டவே கூடாது. அதனால் பல நிரல்கள் 72-ஐ ஒட்டி வரியை வெட்டின. பதில் எழுதும்போது பழைய கடிதத்தின் ஒவ்வொரு வரி முன்னும் ஒரு அம்புக்குறி சேரும். நாலைந்து முறை பதில் போய் வந்தால் வரி அகலத்தைத் தாண்டும். நிரல் மறுபடி வெட்டும். சீப்பின் பல் உடைவது இப்படித்தான்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சொல்வதெழுதுதலின்போது ஆசிரியர் "அ லா லீஞ்" என்பார். அடுத்த வரிக்குப் போ என்று பொருள். அவர் சொல்லாதவரை, தாளின் ஓரம் வந்ததால் மட்டுமே கீழே இறங்குவோம். ஆக, வரி நிற்பதற்குக் காரணம் இரண்டு: ஒன்று எழுதுபவர் முடித்தது, மற்றது இடமில்லாமல் மடிந்தது. மின்னஞ்சல் நிரல்கள் இரண்டையும் ஒரே குறியால் எழுதியதுதான் சிக்கல்.

இதற்கு 1999-ல் ஒரு மருந்து வந்தது. ராண்டல் கெலன்ஸ் எழுதிய விதி அது. வரியின் கடைசியில் ஒரு வெற்றிடம் இருந்தால் அது மடிப்பு, பெறுபவரின் நிரல் அடுத்த வரியோடு சேர்த்துக்கொள்ளலாம். வெற்றிடம் இல்லையென்றால் அது முடிவு, தொடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிதான் அடையாளம். ஆனால் எல்லா நிரல்களும் இதைப் பின்பற்றவில்லை.

நம் செய்யுளுக்கு இந்தப் பாடு பழையது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அடி எங்கே முடிந்தாலும் எழுத்து ஓலையின் ஓரம் வரை ஓடும். ஆனாலும் உ.வே. சாமிநாதையர் போன்றவர்களால் அடி பிரித்து அச்சிட முடிந்தது. எதுகையும் சீரும் அடி தொடங்கும் இடத்தைச் சொல்லிவிடும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் சேர்த்தார்கள். அங்கும் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் என்று நின்றால்தான் குறள். உரைநடையை எங்கே மடித்தாலும் பொருள் கெடாது.

செய்யுளுக்காவது எதுகை துணை இருக்கிறது. பட்டியலுக்கு எதுவுமில்லை. இங்கே எம். புதுப்பட்டியில் என் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். சென்னையிலுள்ள மகன் அவருடைய மாத்திரை விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். சர்க்கரை மாத்திரை வரியின் கடைசியிலிருந்த "இரவு 1" மடிந்து, பிரஷர் மாத்திரையின் பெயருக்கு நேர் மேலே தனியாக நின்றது.

"சார், பிரஷர் மாத்திரைய ராத்திரியும் போடணுமாமே?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, எதுக்கும் தம்பிகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க" என்றேன். கேட்டார். பிரஷர் மாத்திரை காலையில் மட்டும். இரவுக்கானது சர்க்கரை மாத்திரை.

அதனால் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்து, பணம், பெயர்ப் பட்டியல் எதையும் நீண்ட வரியாக மின்னஞ்சலில் எழுதாதீர்கள். ஒரு மாத்திரைக்கு மூன்று சிறு வரிகள் எழுதி, அடுத்ததற்கு முன் ஒரு வரி வெற்றாக விடுங்கள். சீட்டையே படமெடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. படத்தில் வரி மடியாது. வந்த கடிதத்தில் எண் ஏதாவது தனியாக நின்றால், மேல்வரிக்கா கீழ்வரிக்கா என்று அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள்.