109 டாலர் 95 சென்ட்

நான் டூல் ரூம் ஆள். வேட்டைக்காரன் இல்லை, முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் ஒரு சாமானை மலிவாகச் செய்யும்போது எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தக் கண்ணுக்கு அமெரிக்காவின் மலிவு ரைஃபிள்களைப் போலச் சுவாரஸ்யமான சாமான் குறைவு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அங்கே நல்ல வேட்டை ரைஃபிள் என்றால் 1936-இல் வந்த வின்செஸ்டர் 70தான். ஜெர்மன் மவுசரின் வழியில் வந்தது. எஃகைக் குடைந்து குடைந்து செய்தது. மில்லிங் மெஷினில் மணிக்கணக்கில் வேலை. 1948-இல் ரெமிங்டன் 721-ஐ இறக்கியது. மைக் வாக்கரும் அவர் கூட்டாளிகளும் குழல் மாட்டும் உடம்பான ரிசீவரை உருண்டைக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தார்கள். பின்னுதையைத் தாங்கும் லக்கைக்கூட ரிசீவரோடு சேர்த்துச் செதுக்கவில்லை. தடித்த வாஷர் மாதிரி தனியாக வெட்டி, குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே வைத்து இறுக்கிவிட்டார்கள். விசைக்காப்பு வெறும் தகடு. கடையில் எடுத்துப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் லேத்தில் கடைந்த உருளை வளையாது, கோணாது. அட்டையில் சுட்டுப் பார்த்தால் ரவைகள் நெருங்கி விழுந்தன. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 இதே ரிசீவருக்கு நல்ல சட்டை போட்டதுதான்.

அடுத்து சாவேஜ் 110. 1958-இல் நிக்கலஸ் புரூவர் வடிவமைத்தது. விலை 109 டாலர் 95 சென்ட். அதிலிருந்தே பெயரும் வந்தது. மிச்சிகனில் மச்சினர் வீட்டு கராஜில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். குழல் ரிசீவரில் சேரும் இடத்தில் வரிவரியாகக் காடி வெட்டிய ஒரு நட்டு. தண்ணீர்க் குழாய் கப்ளிங் மாதிரி இருக்கிறது என்று வேட்டைக்காரர்கள் கேலி செய்த நட்டு அதுதான்.

அந்த நட்டு எதற்கு என்று பட்டறைக்காரனுக்குப் பார்த்ததும் புரியும். தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டை மூடினால் தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே நூலிழை இடம்தான் இருக்கலாம். கூடினால் பித்தளைக் கூடு கிழியும். குறைந்தால் போல்ட்டே மூடாது. பழைய முறையில் குழலை முட்டும்வரை இறுக்கிவிட்டு, தேர்ந்த ஃபிட்டர் ஒருவர் ரீமரைக் கையால் சுற்றித் தோட்டா அறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துவார், கேஜ் போடுவார், திரும்பவும் சுற்றுவார். புரூவரின் முறையில் கேஜை உள்ளே வைத்து போல்ட்டை மூடி, குழலைத் திருகி, அது கேஜில் முட்டியதும் நட்டை இறுக்கினால் தீர்ந்தது. ஃபிட்டரின் கூலி மிச்சம். அளவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறாது. 1966-இல் போல்ட் தலையையும் தனித் துண்டாக்கி லேசாக ஆட விட்டார்கள், போல்ட்டைப் பூட்டும் இரண்டு லக்கும் சமமாகப் போய் உட்காரட்டும் என்று. வாங்க வந்தவர் அந்த ஆட்டத்தைக் கையில் உணர்ந்து மட்டமான வேலை என்று கீழே வைத்தார்!

1964-இல் வின்செஸ்டரும் சிக்கனத்தில் இறங்கியது. துப்பாக்கியின் மரக்கட்டையில் கையால் கொத்திய கோலம் போய், அச்சில் அழுத்திய கோலம் வந்தது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே அசிங்கமாக ஒரு சந்து. தோட்டாவை விளிம்பில் கவ்வியபடியே அறைக்குள் தள்ளும் மவுசர் கொக்கியையும் எடுத்துவிட்டார்கள். ரைஃபிள் நன்றாகவே சுட்டது. ஆனால் கை படும் இடத்திலும் கண் படும் இடத்திலுமா மிச்சம் பிடிப்பார்கள்? கோலத்துக்காக அழுதவர்களை விடுங்கள். கொக்கிக்காக அழுதவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி இழுத்து மறுபடி தள்ளினால், கொக்கி இல்லாத துப்பாக்கியில் ஒரு தோட்டாவின் முதுகில் இன்னொன்று போய் இடிக்கும். ஆளை அடிக்கும் மிருகத்தின் முன்னால் அது சின்ன விஷயமில்லை. புதிய போல்ட் ஆடிக்கொண்டு ஓடியதை 1968-இல் சரிசெய்தார்கள். கொக்கி திரும்பி வர 1990கள் ஆயிற்று. 1964-க்கு முந்திய 70-க்கு இன்றும் தனி விலை.

1967-இல் ரெமிங்டன் 788 வந்தது. தேக்கும் இல்லை, வால்நட்டும் இல்லை. சாயம் பூசிய சாதாரணக் கட்டை. போல்ட்டைப் பூட்டும் லக் ஒன்பது, எல்லாம் போல்ட்டின் பின்புறத்தில். தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் அடுக்கும் மேகசின் என்பதால் ரிசீவரில் வெட்டிய திறப்பு சிறியது. ஆகவே அது கெட்டியாக நின்றது. தன் வீட்டு 700-ஐவிட இது நன்றாகச் சுடுகிறது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1983-இல் நிறுத்திவிட்டார்கள்.

2012-இல் கடைக்கு வந்த ரூகர் அமெரிக்கனில் மொத்தக் கட்டையும் பிளாஸ்டிக். தட்டினால் பொள்ளல் சத்தம். ஆனால் ரிசீவர் பிளாஸ்டிக்கில் உட்காரவில்லை. உள்ளே புதைத்த இரண்டு ‘வி’ வடிவ எஃகுத் துண்டுகளில் உட்காருகிறது. இப்படிப்பட்டதை வாங்கப் போனால் பாலீஷைப் பார்க்காதீர்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து ரிசீவர் வரை இழுங்கள். பிறகு கட்டையின் முன்முனையைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இழுங்கள். இரண்டாம் தடவை நோட்டு மாட்டினால், மணல்மூட்டையில் சாய்த்துச் சுடும்போதும் கட்டை வளைந்து குழலைத் தொடும், ரவை இடம் மாறி விழும். கட்டையின் உள்பக்கத்தைத் தேய்த்துவிட உப்புத்தாள் போதும், ஒரு மாலை வேலை.